எழுபது வருஷக் கடிதமும் எங்கள் வாழைத் தோட்டமும்

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர் வீட்டு முன்னறைக்குள் நுழைந்தால் சுவரில் மூன்று இருக்கும். மறைந்த பெரியவர்களின் படம், சபைக் காலண்டர், அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அந்த அட்டையை வாங்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் வசனத்தைப் படித்துக்கொண்டே வீடு திரும்புவது எங்களுக்குப் பழக்கம். 2024 பிறந்த இரவில் எங்களுக்குக் கிடைத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” நல்ல வசனம்தான். ஆனால் அதை மாட்ட எங்கள் வீட்டில் ஈரம் இல்லாத சுவர் இல்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குக் குடை பிடித்துப் போய்வந்தோம். அதன்பின் மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்பது பிறகு தெரிந்த கணக்கு. மலையில் பெய்த மழைக்குப் பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் திறந்துவிடப்பட, கீழே குளங்கள் ஒவ்வொன்றாக உடைய, தாமிரபரணி எது, வயல் எது என்று தெரியாமல் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனதையும், பக்கத்துக் கிராமத்தார் சோறாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்ததையும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நாங்கள் அதற்கும் கிழக்கே, ஏரல் பக்கத்து ஆற்றங்கரையூர். மாவட்டம் தூத்துக்குடி, 1986-இல் பிரித்தார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் பாளையங்கோட்டைப் பக்கந்தான் என்பதால் இன்றும் எங்களைத் திருநெல்வேலிக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

பள்ளிக்கூட மாடியில் தங்கி உயிர் பிழைத்த கதையை விரித்துச் சொல்லப்போவதில்லை. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் அதே கதைதான் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் தொடங்கியதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நாங்கள் குத்தகைக்கு நிலம் பிடித்து வாழை போடுகிறவர்கள். ஏத்தன், கோழிக்கூடு என்ற இரண்டு வாழை ரகங்களும் பொங்கல் சந்தைக்குத் தார் வெட்டும் பக்குவத்தில் நின்றன. வாழைக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீரிலேயே நாள்கணக்கில் நின்றால் கிழங்கு அழுகிவிடும். முட்டுக்கொடுத்திருந்த கம்புகள் எங்கேயோ போய்விட்டன. சாய்ந்த மரங்களின்மேல் ஆறு தன் மணலைப் பரப்பிவிட்டுப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் பேச்சு குறைந்தவர். வரப்பு இருந்த இடத்தை உத்தேசமாகப் பார்த்து நின்றுகொண்டு, “மணலை அள்ளவே ஒரு பயிர்ச் செலவு ஆகும்” என்றார். அதற்குமேல் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால்கூட மனம் ஒரு நிலைக்கு வந்திருக்கும். தெரியாமல் இருப்பதுதான் ஆளைத் தின்றது. நிவாரணம் வருமா, வந்தால் யார் பெயரில் வரும், கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகையை எப்போது மீட்பது, மகளுக்கு அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியுமா, நிலத்துக்காரர் குத்தகையை நீட்டுவாரா, அடுத்த ஐப்பசியிலும் ஆறு இப்படியே வந்தால் என்ன செய்வது. இந்த நிலையில் கர்த்தரை நம்புவது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நம்பு என்பார்கள். எப்படி என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாக நம்பு என்பார்கள்.

அட்டையில் இருந்த ஒற்றை வசனம் போதாமல் அந்த அதிகாரம் முழுவதையும் படித்தேன். எங்கள் வேதாகமம் நனைந்து பக்கங்கள் ஒட்டிப்போயிருந்ததால் மைனி வீட்டு வேதாகமத்தை வாங்கி வந்து படித்தேன். எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதியது. பதினோராம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே, எழுபது வருஷம் முடிந்தபின்தான் ஊர் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. அட்டை அச்சடிப்பவர்கள் அந்தப் பத்தாம் வசனத்தை ஒருநாளும் அச்சடிக்க மாட்டார்கள், யார் வாங்குவார்கள்? அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய நாற்பது வயதுக்காரர் ஒருவரும் ஊர் திரும்பியிருக்கப்போவதில்லை. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று தேவன் சொன்னது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அதே கடிதம் ஐந்தாம் வசனத்திலேயே வேலை சொல்கிறது: “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்று அடுத்தடுத்து வருகிறது. முடிவு என்னிடம் இருக்கிறது, அதுவரை நீ தோட்டம் போடு. விவசாயி வீட்டுக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நடுகிற எவருக்கும் மகசூல் உறுதி கிடையாது. உறுதி தெரிந்தபின் நடலாம் என்று உட்கார்ந்தால் நிலம் கரம்பாகத்தான் கிடக்கும்.

அதற்காக வாழைக்கன்று வாங்க வட்டிக்கு ஓடவில்லை. தை மாதம் மணல் குறைவாக இருந்த மூலையைச் சுத்தம் செய்து கீரையும் வெண்டையும் போட்டோம். கீரை மாதத்துக்குள் கைக்குக் காசு காட்டும். அந்தக் காசு கடனை அடைக்காது. ஆனால் காலையில் எழுந்ததும் போவதற்கு ஒரு இடம் இருந்தது. என் வீட்டுக்காரர் மறுபடி பேச ஆரம்பித்தது அந்தக் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டும்போதுதான்.

எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எண்பது வயதுக்கு மேல். 1992 வெள்ளத்தையும் பார்த்தவர். நிவாரண அரிசிப் பை வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை நான் மறக்க முடியாது. பையின் வாயைக் கட்டியிருந்த சணலை அவரே பொறுமையாக அவிழ்த்தார். உலைக்கு அரிசி எடுப்பதற்கு முன்னால், வலது கையால் ஒரு பிடி அள்ளி, சேறு போகக் கழுவிக் காயவைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டார். விரலிடுக்கில் ஒட்டிய இரண்டு மூன்று மணிகளையும் பாட்டில் விளிம்பில் தட்டி உள்ளே விழவைத்தார். பிடியரிசி. ஒவ்வொரு வேளை சோற்றுக்கு அரிசி களையும்போதும் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைத்து, சேர்ந்ததைக் கோயிலில் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பழைய தலைமுறைக்கு மூச்சு விடுவதுபோல. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியர் காசில், இந்தியர் கையால் ஊழியம் நடக்க வேண்டும் என்று வெள்ளாளன்விளை அசரியா முதலானவர்கள் துணிந்தது இப்படிக் கொடுத்துப் பழகிய சபைகளை நம்பித்தான்.

எனக்கோ எரிச்சல். “அத்தை, இதுவே நமக்குத் தர்மமாக வந்த அரிசி” என்றேன். “தர்ம அரிசியில் கர்த்தருக்குப் பங்கு இல்லை என்று எந்த வசனத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். பதில் இல்லை. அந்தப் பாட்டில் நிறைந்தபோது, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கோயிலில் வைக்கச் சொல்லவில்லை. பின்தெருவில் சுவர் விழுந்து, இரண்டு பிள்ளைகளோடு கூலி வேலையும் இல்லாமல் இருந்த ஒருத்தியின் வீட்டைக் காட்டினார். அவள் வேதக்காரியும், அதாவது கிறிஸ்தவளும், அல்ல. வரிசையில் நின்று வாங்குகிறவளாக மட்டும் என்னை நினைத்து உள்ளுக்குள் கூனிப்போயிருந்த எனக்கு, கொடுப்பதற்கும் ஒரு பாட்டில் அரிசி இருந்தது என்பது பெரிய தைரியமாக இருந்தது. கஷ்டத்தில் இருக்கிற குடும்பத்துக்கு இதைத் துணிந்து சொல்வேன்: எவ்வளவு சிறிதானாலும் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்படி கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியும்படி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மாதங்களில் கைபேசியில் வந்த தீர்க்கதரிசனங்களுக்குக் கணக்கில்லை. மூன்று மாதத்தில் இரட்டிப்பான நன்மை, இந்தத் தேதிக்குள் கடன் நீங்கும், அதற்கு விசுவாச விதையாக இவ்வளவு அனுப்புங்கள் என்று ஒரு எண். விதைக்க வேண்டிய விதையை வாங்கவே காசில்லாமல் நாங்கள் இருந்தபோது இப்படி ஒரு விதை. எரேமியாவின் காலத்திலும் இது இருந்திருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். கேட்க இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எழுபது என்ற எரேமியாவை யார் விரும்பியிருப்பார்கள்? தேவன் சொல்லாத தேதியை மனிதன் சொன்னால் அவனிடம் விலகி இருப்பதே நல்லது. பணமும் கேட்டால் எண்ணை நீக்கிவிடலாம்.

நேரில் வந்தவர்கள் வேறு மாதிரி. அநேகர் அன்பாகத்தான் வந்தார்கள். ஆனால் வந்த வாயோடு காரணமும் சொன்னார்கள். கர்த்தர் உங்களைப் புடமிடுகிறார் என்றார் ஒருவர். குடும்ப ஜெபம் குறைந்துபோயிருக்கும் என்றார் இன்னொருவர், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டு. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது. அதோடு எழுந்து போயிருந்தால் அவர்களுக்கு எவ்வளவு நல்ல பெயர் இருந்திருக்கும்! எங்கள் ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி, வந்தபோது விளக்கமாறும் பினாயிலும் கொண்டுவந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படியைக் கழுவிவிட்டுப் போனார். போகும்போது ஒரு சிறு ஜெபம் செய்தார், அதிலும் காரணம் எதுவும் இல்லை. துக்க வீட்டுக்கும் வெள்ளம் புகுந்த வீட்டுக்கும் போகிறவர்கள் அவரிடம் பாடம் படிக்கலாம்.

ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிக்கும் ஜெபந்தான் எனக்குப் பழக்கம். அந்த நாட்களில் அது வாயில் வரவில்லை. வராததை வரவழைத்துப் பேசினால் தேவனிடமே நடிப்பதாக இருந்தது. அப்போது துணைக்கு வந்தது 13-ஆம் சங்கீதம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது. ஆறே வசனம். நான்கு வசனம் வரைக்கும் முறையீடு, கடைசி இரண்டில் நம்பிக்கை. விடியற்காலையில் கிணற்றடியில் நின்று அதை வாய்விட்டுச் சொல்வேன். சில நாள் நான்காம் வசனத்தோடு நிறுத்திவிடுவேன், மேலே போக மனம் வராது. அப்படி நிறுத்தினால் தப்பா என்று சேகர குருவிடம் கேட்டேன். “88-ஆம் சங்கீதத்தைப் படியுங்கள் அம்மா. அது இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்” என்றார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒருநாள் என் முறை வந்தபோது அந்தச் சங்கீதத்தையே ஜெபமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எப்போதும் கணீரென்று ஜெபிக்கும் ஒரு பெரியம்மா, வீட்டைவிட்டுப் போன தன் மகனைப் பற்றி முதன்முறையாக வாய் திறந்தார். அதுவரை எங்களுக்கு அவர் மகன் வெளியூரில் நல்ல வேலையில் இருப்பதாகத்தான் தெரியும்.

இனி காகித விஷயம். இதை ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். பயிர் நிவாரணக் கணக்கு எழுத வருகிறவர்கள், எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார்கள் என்று கிராமத்தில் எழுதிவைக்கும் அடங்கலையும் பட்டாவையும்தான் கேட்பார்கள். குத்தகைக்காரன் பெயர் அடங்கலில் ஏறியிருக்காவிட்டால், உழைத்தவன் ஒருவன், பணம் பட்டாதாரர் கணக்குக்கு. எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. நிலத்துக்காரர் பாதியைத் தந்தார். அதற்கே ஸ்தோத்திரம் சொன்னோம், ஏனென்றால் ஒன்றும் தராதவர்களும் இருந்தார்கள். அடுத்த போகத்துக்குக் குத்தகையை எழுத்தில் போட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலில் சாகுபடியாளர் பெயரைக் கேட்டு எழுதவைத்தோம். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதிவரை காத்திருக்காமல் முன்னதாகவே பதிந்தோம். குடும்ப அட்டைக்கு வந்த 6,000 ரூபாயில் முதலில் அடுப்பும் பாத்திரமும் வாங்கினோம். நகைக் கடன் தவணை தவறிய பிறகு முகத்தை மறைத்துக்கொண்டு திரிவதைவிட, தவறுவதற்கு முன்பே போய் நிலைமையைச் சொல்வது எவ்வளவோ மேல். சங்கத்துச் செயலாளர் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க வழி சொன்னார். பயத்தில் நான் கற்பனை செய்துவைத்திருந்த முகம் அவருக்கு இல்லை.

எரேமியா 32-ஐயும் இதோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். எதிரி நகரத்தை முற்றுகை போட்டிருக்கிறான். தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி, நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். விசுவாசம் இருக்கிறதே, சாட்சி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பத்திரங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் இப்போது மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் பரணில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நகல் பாளையங்கோட்டையில் இருக்கும் என் தம்பி வீட்டிலும் இருக்கிறது.

காத்திருப்பதில் எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இந்தச் சீமையில் காத்திருந்தவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இடையன்குடிக் கோயிலை மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1847-இல் கட்டத் தொடங்கினார். பிரதிஷ்டை நடந்தது 1880-இல். நடுவில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கல் சுமந்த எத்தனை பேர் அந்தக் கோயிலுக்குள் ஆராதிக்காமலே போயிருப்பார்கள்? டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் ஒரு பெரிய குடும்பமாக அவருக்காக ஜெபித்தார்கள். ஆனாலும் 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அவர் தம் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. அந்தக் கட்டிலில் இருந்தபடியேதான் எழுதினார், நிர்வாகம் செய்தார். சுகம் கிடைத்தவர்களின் சாட்சியை மட்டும் மேடையேற்றும் கூட்டங்களில் இவரைப்போன்றவர்களுக்கு எந்த நேரம் ஒதுக்குவார்களோ தெரியவில்லை. விசுவாசக் குறைவு என்று இவரிடம் போய் யாராவது சொல்ல முடியுமா?

2024-இல் எங்கள் கோயில் அசனம் நடக்குமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அசனம் என்றால் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்காரும் சாப்பாடு. காணிக்கைக்கு யாரிடமும் பணமில்லை, இந்த வருஷம் வேண்டாம் என்று கமிட்டியில் பலர் சொன்னார்கள். வெள்ளத்தின்போது அசனத்து அண்டாக்களில்தான் ஊருக்கே கஞ்சி காய்ச்சினோம், அந்த அண்டாவைச் சும்மா கவிழ்த்து வைப்பதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். கடைசியில் கறி இல்லாமல் சோறு, சாம்பார், ரசம் என்று நடந்தது. காய்கறியில் ஒரு பங்கு எங்கள் மணல் மூலை வெண்டைக்காய். ரசம் கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது, குறை சொல்லாமல் இருந்தவர்கள் குறைவு. ஊர் பழையபடி ஆகிவிட்டது என்று அதைக் கேட்டுத்தான் எனக்குத் தோன்றியது.

இன்றைய நிலவரம் இதுதான். ஏத்தனைக் குறைத்துக்கொண்டு பாதி நிலத்தில் நெல் போட்டிருக்கிறோம். மகள் படிப்பை முடித்துவிட்டாள், வேலை இன்னும் அமையவில்லை. நகையில் ஒரு சங்கிலி மட்டும் திரும்பியிருக்கிறது. ஐப்பசி பிறந்தால் எனக்கு இரவில் தூக்கம் கெடத்தான் செய்கிறது. மழைச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் வாசல் படியைப் பார்க்கிறேன். இருக்கிற பட்டணத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்று கடிதத்தில் இருந்ததை வைத்து, கோயிலில் ஜெபித்ததோடு நிற்காமல் ஒரு மனுவும் எழுதினோம்: உடைந்த குளத்துக் கரையை மழைக்கு முன் பலப்படுத்த வேண்டும், கால்வாயில் மண்டிய அமலைச் செடியை அகற்ற வேண்டும். வேதக்காரர் தெரு, கீழத்தெரு, பள்ளிவாசல் தெரு என்று எல்லா வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கினோம். முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது மனுவை நகல் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறோம். இந்தமுறை அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், காலை முதல் பஸ்ஸுக்கே.